மார்க்கெட் ஹார்பரோவில் மரக்கால்கள் மேல் ஒரு பள்ளிக்கூடம் நிற்பது ஏன்?

வெள்ளத்துக்குப் பயந்து என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் அதுவல்ல, சந்தைதான்.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் உள்ள இந்த ஊரின் நடுவே, 1614இல் கட்டிய பழைய கிராமர் பள்ளி இது. ஊரில் பிறந்து லண்டனில் முன்னுக்கு வந்த ராபர்ட் ஸ்மித் செய்த அறம். மழை நாளில் சந்தைக்காரர்கள் நனையாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே தரைத்தளத்தைத் திறந்தபடி விடச் செய்தார். கீழே வெண்ணெய் விற்றார்கள். மேலே ஒரே அறையில் பையன்கள் படித்தார்கள். இரைச்சலில் என்ன படித்தார்களோ! ஆனாலும் 1892 வரை பள்ளி அங்கேயே நடந்தது. கிட்டே போய் அண்ணாந்து பாருங்கள், உத்தரங்களில் பைபிள் வாசகங்கள் தெரியும்.

பக்கத்திலேயே ஊசிக்கோபுரத்தோடு புனித டயனீசியஸ் தேவாலயம். அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம் கிடையாது. தெருவிலிருந்தே சுவர் எழும்புகிறது. தொடக்கத்தில் அது பக்கத்து ஊரான கிரேட் பௌடனின் பங்குக்கு, அதாவது தேவாலய வட்டாரத்துக்கு உட்பட்ட சிற்றாலயம், அடக்கம் வேறிடத்தில் நடந்தது. சதுக்கத்தில் கடை போட இடம் மிஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

எதிரே உள்ள பெரிய செங்கல் கட்டடம் சிமிங்டன் நிறுவனத்தின் பழைய கார்செட் (பெண்கள் இடுப்பை இறுக்கி அணியும் உள்ளாடை) தொழிற்சாலை. இப்போது உள்ளாட்சி அலுவலகமும் நூலகமும் அதில்தான் இயங்குகின்றன.