தெப்பக்குளத்தில் ஒரு சுற்று

கேள்வி: எனக்கு 44 வயது. மதுரையில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன வருடம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. "இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றார் மருத்துவர். ஜனவரியில் ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தையும் மொத்தமாகக் கட்டினேன். ஒன்பது நாள் போனேன். மாடிப்படி இறங்க முடியாத அளவுக்கு வலி, விட்டுவிட்டேன். ஜூனில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். முதல் நாளே நான்கு சுற்று. மூன்று வாரம் ஒழுங்காகப் போனேன். பிறகு ஊரில் ஒரு கல்யாணம் வந்து நான்கு நாள் விட்டுப்போனது. அதன் பிறகு போக மனமே வரவில்லை. இப்போது மறுபடி தொடங்கலாம் என்றால், "இந்தத் தடவை எத்தனை நாளைக்கு?" என்கிறார் கணவர். "வீட்டு வேலை செய்தாலே போதாதா?" என்கிறார் மாமியார். எனக்கு மன உறுதியே கிடையாதோ என்று தோன்றுகிறது. அதை எப்படி வளர்த்துக்கொள்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மனதில் தைத்தது, மன உறுதியே கிடையாதோ என்ற அந்த வரி. இரண்டாம் முறை கண்ணில் பட்டது, "முதல் நாளே நான்கு சுற்று". சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வண்டியூர் தெப்பக்குளத்தின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 300 மீட்டர். வெளியே சாலையோரமாக ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். வருடக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்துப் பழகிய உடம்பை, ஒரே காலையில் நாலரை ஐந்து கிலோமீட்டர் நடத்தியிருக்கிறீர்கள். அதுவும் மூன்று வாரம், சமையலையும் அலுவலகத்தையும் பார்த்துக்கொண்டே. மன உறுதி இல்லாதவரால் முடிகிற காரியமா இது? உங்களிடம் உறுதி நிறையவே இருக்கிறது. அத்தனையையும் முதல் சில வாரங்களிலேயே செலவழித்துவிடுகிறீர்கள். ஒரு கல்யாணமோ காய்ச்சலோ குறுக்கே வரும்போது கையிருப்பு எதுவும் இருப்பதில்லை.

ஜிம்மில் நடந்ததும் இதே கதைதான். பழக்கமில்லாத தசைக்குத் திடீரென்று வேலை கொடுத்தால், வலி உடனே தெரியாது. ஒருநாள் கழித்து ஏறத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். புதிதாகத் தொடங்கும் யாருக்கும் வரக்கூடியது. உங்கள் உடம்பு உடற்பயிற்சிக்கு லாயக்கில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அளவு அதிகமாகிவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. வலித்தால்தான் பலன் என்று சில பயிற்சியாளர்கள் சொல்வதை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. எத்தனை பெண்களை அந்த ஒரு வாக்கியம் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது! எடை தூக்கும் பயிற்சியில் முதல் சில வாரங்களில் கூடுகிற பலம்கூடப் பெரும்பாலும் தசை வளர்ந்து வருவதில்லை. இருக்கிற தசையைச் சரியாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. கற்றுக்கொள்ளும் காலத்தில் யாரும் யாரையும் அடித்து வேலை வாங்க வேண்டியதில்லை.

அடுத்து அந்த நான்கு நாள் இடைவெளிக்கு வருகிறேன். நீங்கள் கூச்சத்தோடு ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நாம் உடற்பயிற்சியை விரதம் மாதிரி எடுத்துக்கொள்கிறோம். மாலை போட்டு ஒரு மண்டலம், 48 நாள், நடுவில் முறிந்தால் எல்லாம் போயிற்று என்ற எண்ணம். விரதத்துக்கு அந்தக் கண்டிப்பு பொருந்தும். நடைக்குப் பொருந்தாது. நடையை வாசல் கோலம் போல நினைத்துப் பாருங்கள். மழை பெய்தால் அன்றைக்குக் கோலம் இல்லை. ஊருக்குப் போனால் நான்கு நாள் இல்லை. திரும்பி வந்த காலையில் தண்ணீர் தெளித்துப் புள்ளி வைக்கிறோம். "நான்கு நாள் விட்டுவிட்டேனே, எனக்குக் கோலம் போடும் மன உறுதி இல்லை" என்று எந்தப் பெண்ணும் அழுததில்லை.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். 2009-இல் இணையத்திலும் அடுத்த ஆண்டு அச்சிலும் அது வந்தது. ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகும் என்பது கேள்வி. சராசரியாக 66 நாள் என்று கண்டார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் கணக்கு 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆக, உங்கள் மூன்று வாரம் என்பது தொடக்கம் மட்டுமே. அதற்குள் பழக்கமாகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததே தவறு. கல்யாணத்துக்குப் போனது தவறில்லை. ஐந்தாம் நாள் மறுபடி எப்படிப் போவது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தராததுதான் குறை. நான் சொல்கிறேன்: விட்டுப்போன பிறகு திரும்பும் முதல் நாள், வழக்கமானதில் பாதி மட்டும் நடங்கள். விட்டதையெல்லாம் சேர்த்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. மூச்சு கொஞ்சம் வேகமாகும்படி செய்கிற வீட்டு வேலையும் அதில் சேரும். ஐந்து நிமிடம் செய்தாலும் கணக்குத்தான். ஆனால் இன்றைய வீட்டு வேலையில் பெரும்பகுதி அடுப்படியில் நின்ற இடத்திலேயே நின்று செய்வது. கால் கடுக்கும், மூச்சு வாங்காது. களைப்பை உழைப்பென்று நாம் நம்பிவிடுகிறோம். மேலும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அதைச் சப்பாத்தி மாவு பிசைவது தந்துவிடாது. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை எட்டுப் பத்து முறை செய்வதில் தொடங்கலாம். மாமியாரிடம் வாதாட வேண்டாம். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, அவரால் முடிந்த அளவில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்தவர் பிடிமானம் இல்லாமல் எழுவது வயதானபின் எத்தனை பெரிய சுதந்திரம் என்பதை என் அம்மா அதை இழந்தபோது பார்த்தேன்.

நீங்கள் எழுதாத ஒன்றும் கடிதத்தில் தெரிகிறது. அந்த அரை மணி நேரத்தை வீட்டிலிருந்து திருடிக்கொண்டு போவதாக உணர்கிறீர்கள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் பெரிதாகச் செய்து, போனதற்கு நியாயம் காட்டப் பார்க்கிறீர்கள். ஜிம்முக்கு முழு வருடப் பணம், முதல் நாளே நான்கு சுற்று, இரண்டுமே அந்தக் குற்றவுணர்ச்சியின் அளவுகள். தயவுசெய்து அனுமதி கேட்காதீர்கள். "அத்தை, அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன்" என்று தகவலாகச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். கணவர் எத்தனை நாளைக்கு என்று கேட்டால், கோபப்படாமல் ஒன்று கேளுங்கள்: "திங்கள், புதன், வெள்ளி பிள்ளைகளின் டிபன் பாக்ஸை நீங்கள் கட்டித் தருவீர்களா?" அவர் அதைச் செய்யத் தொடங்கினால் அந்தக் கேள்வி நின்றுவிடும் என்பது என் நம்பிக்கை. உங்கள் சர்க்கரை அவருடைய கவலையும்தானே.

எந்த நாள், எந்த நேரம், எங்கே என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். பிரிட்டனில் மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒன்றின் முடிவு 2002-இல் வெளியானது. அடுத்த வாரம் எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் உடற்பயிற்சி செய்வேன் என்று எழுதியவர்களில் 91 சதவீதம் பேர் செய்தார்கள். அப்படி எழுதாதவர்களில் 38 சதவீதம்தான். உடற்பயிற்சியின் நன்மைகளைப் படிக்க மட்டும் வைத்த குழுவும் ஏறக்குறைய இதே அளவில்தான் நின்றது. "நாளையிலிருந்து நடக்க வேண்டும்" என்பது விருப்பம். "காலைக் காப்பி குடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை" என்பது திட்டம்.

எடை மெஷினைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். உங்களைப் போலச் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் சென்னையில் நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுக் கணக்கில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவைத் திருத்திக்கொண்டு நடக்கவும் செய்தவர்களில் அது 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. முள் நகரவில்லை என்பதற்காக நடையை நிறுத்தியிருந்தால் இந்தப் பலன் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. நம் ஊர்க்காரர்களிடம் கண்டது என்பதால் எனக்கு இதில் கூடுதல் நம்பிக்கை.

தொடங்கும் முன் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேகத்துக்கு அளவு சுலபம்: கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்றே நாள், நாளுக்குத் தெப்பக்குளத்தில் ஒரே ஒரு சுற்று. ஒரு சுற்று முடிந்ததும் கால் இன்னொன்று கேட்கும். பழைய வேகமும் பின்னாலிருந்து தள்ளும். அப்போது திரும்பி வீட்டுக்கு வந்துவிடுங்கள். அந்த இரண்டாவது சுற்று மூன்றாம் வாரத்துக்கு இருக்கட்டும்.