பப்பில் கவிதை சொல்லப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

லண்டன் பப்களில், யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்கிற ஓபன் மைக் இரவுகளில் ஒன்பது ஆண்டுகளாகக் கவிதை சொல்லி வருகிறேன். புதிதாக மேடையேறுபவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

நான் சொல்லி முடிக்கும்வரை கூட்டம் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. கவிதை பிடிக்கவில்லையா?

அவர்கள் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை, அவ்வளவுதான். பப்பில் பாதிப் பேர் வேலை முடிந்து ஒரு பைன்ட் பீர் குடிக்க வந்தவர்கள். நீங்கள் கத்தினால் அவர்களும் குரலை உயர்த்துவார்கள். மைக் முன் நின்று இரண்டு மூச்சு சும்மா இருங்கள். அப்புறம் பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்வதுபோல் முதல் வரியைச் சொல்லுங்கள். ஒரு மேஜை அடங்கினால் அடுத்ததும் அடங்கும்.

ஒருமுறை அம்மாவின் அம்மிக்கல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலி கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாக, இடுப்பிலிருந்து தாடைவரை அடுக்கித் தூக்கிப்போன பையன் வழியிலேயே நின்றுவிட்டான். கிளாஸ் சத்தம் நின்றதும் பின்வரிசை என்னவென்று திரும்பிப் பார்த்தது. அன்று கைதட்டியவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆனாலும் அவன் நின்ற அந்த அரை நிமிடத்தை இன்றுவரை மறக்கவில்லை.

விரலைச் சொடுக்குகிறார்களே, பாராட்டா, கேலியா?

பெரும்பாலும் பாராட்டுதான். வரி பிடித்திருக்கிறது, கைதட்டி உங்கள் குரலை அமுக்க மனமில்லை என்று பொருள். ஆனால் சிகாகோவின் கிரீன் மில் பாரில் வழக்கம் வேறு. கட்டட வேலை பார்த்த மார்க் ஸ்மித் 1986இல் அங்கே தொடங்கிய ஞாயிறு இரவு நிகழ்ச்சியிலிருந்துதான் கவிதை ஸ்லாம் என்கிற கவிதைப் போட்டி பரவியது. அங்கே சொடுக்கினால் சலிப்புத் தட்டுகிறது என்று அர்த்தம். அதற்கும் மேலே போனால் தரையைக் காலால் உதைப்பார்கள், முனகுவார்கள். கேட்பவர்கள் வாய்மூடி உட்கார வேண்டியதில்லை என்ற அந்த எண்ணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புது இடத்துக்குப் போனால் கொஞ்சம் சீக்கிரமே போய், உங்களுக்கு முன்னால் ஏறுபவர்களைக் கூட்டம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள்.

ஸ்லாமும் ஓபன் மைக்கும் ஒன்றா?

இல்லை. ஓபன் மைக்கில் பெயர் எழுதிக்கொடுத்தால் போதும். ஸ்லாம் போட்டி. வழக்கமாகக் கூட்டத்திலிருந்தே ஐந்து நடுவர்களைப் பிடித்து 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கழித்துவிட்டு மற்ற மூன்றைக் கூட்டுவார்கள். நேரம் 3 நிமிடம்.

குடித்தவர் குறுக்கே கத்தினால்?

ஒருமுறை என்றால் புன்னகையோடு தாண்டிப் போய்விடுங்கள். விடாமல் கத்தினால் தொகுப்பாளர் பார்த்துக்கொள்வார், அது அவர் வேலை. பதிலுக்குப் பதில் பேசத் தொடங்கினால் உங்கள் நேரம் முழுதும் அந்த ஆளுக்கே போய்விடும்.

நடுவில் வரி மறந்துவிட்டால்?

மன்னிப்புக் கேட்காதீர்கள். கடைசியாகச் சொன்ன வரியை இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள். அடுத்தது தானாக வரும். வராவிட்டால் தாளை எடுத்துப் படியுங்கள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

ஆங்கிலக் கூட்டத்தில் தமிழில் சொல்லலாமா?

தாராளமாக. எதைப் பற்றிய கவிதை என்று முதலில் ஒரே வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள், முழுதாக மொழிபெயர்க்க வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் அடி உள்ள கவிதையாக எடுங்கள். என் அம்மிக்கல் கவிதையில் 'அரை, அரை' என்று ஓர் அடி வரும். மூன்றாவது முறை வந்தபோது முன்மேஜையில் இருந்தவர்கள், ஒரு சொல்லும் புரியாதவர்கள், என்னோடு சேர்ந்து சொன்னார்கள்.