ஷாங்காயில் உங்கள் பெயரிலேயே ஒரு போன் எண் வாங்குங்கள்

கேள்வி: என் கணவருக்கு ஷாங்காயில் மூன்று வருட வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் நானும் உடன் போகிறேன். சீன மொழி தெரியாது, நாங்கள் சைவம், என் விசாவில் வேலைக்கும் போக முடியாதாம். நாலு சுவருக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதானா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த ஊரை நினைத்துப் பயப்படாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக மெட்ரோவில் வந்திறங்கி நிம்மதியாக வீட்டுக்கு நடந்து போகலாம். 800 கிலோமீட்டருக்கும் மேல் மெட்ரோ ஓடுகிறது, நிலையப் பெயர்கள் ஆங்கில எழுத்திலும் இருக்கின்றன.

நான் அங்கே குடியிருந்தபோது என்னை வருத்தியது வேறொன்று. கணவரின் போன் இல்லாமல் ஒரு கட்டுக் கீரைகூட வாங்க முடியாமல் சில மனைவிமார் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே கீரைக்காரம்மாவும் க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். அதனால் போனதும் உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்குங்கள். அலிபே (பணம் கட்டும் செயலி), வீசாட் (பேசவும் பணம் கட்டவும் உதவும் செயலி) இரண்டையும் உங்கள் போனிலேயே போட்டு, நம் ஊர் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணையுங்கள். ஒரு தடவைக்கு 200 யுவான் வரை செலவழித்தால் கூடுதல் கட்டணம் பிடிக்க மாட்டார்கள். இந்த இரண்டு செயலிகளையும் இந்தியா 2020-ல் தடை செய்துவிட்டதால் இங்கிருந்தே தயார் செய்துகொண்டு போவது கஷ்டம். முதல் ஓரிரு நாளுக்குக் கையில் யுவான் நோட்டு இருக்கட்டும்.

வாட்ஸ்அப் அங்கே தடை, வீசாட் இங்கே தடை. அப்புறம் அம்மாவிடம் எப்படிப் பேசுவது? உங்கள் இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், அதில் வாட்ஸ்அப் பொதுவாக வேலை செய்யும். அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

வாடகை வீட்டுக்குப் போன 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். வந்த 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு மனுப் போட வேண்டும். இரண்டையும் கணவரின் அலுவலகத்திடம் இப்போதே நினைவூட்டிவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் வெளியே கவனம் தேவை. வெறும் கீரைப் பொரியல் என்று வருவதில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். அது வேண்டாம் என்று சீனத்தில் எழுதி வாங்கி, போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். 1922-லிருந்து நடக்கும் கோங்தேலின் போன்ற சைவ உணவகங்களும் உண்டு. வீட்டுச் சமையலுக்குக் குறையே இல்லை. தெருச் சந்தையில் பீர்க்கங்காய், பாகற்காய், நீளக் கத்தரிக்காய், கோடையில் சிவப்புத் தண்டுக்கீரை எல்லாம் அன்றன்றைக்கு வந்து இறங்கும். துவரம்பருப்பு, புளி, பெருங்காயம் மட்டும் இங்கிருந்து கொண்டு போங்கள்.

குளிருக்கும் தயாராக இருங்கள். சீனாவின் வடக்கு நகரங்களில் வீடுகளுக்கு அரசே சூடேற்றிக் கொடுக்கும், ஷாங்காய்க்கு அது கிடையாது. ஜனவரியில் வீட்டுக்குள்ளேயே ஈரக் குளிர் எலும்பில் இறங்கும். வாடகை வீடு பார்க்கும்போது ஏசி வெப்பக் காற்றும் தருகிறதா என்று போட்டுப் பார்த்துக் கேளுங்கள்.

தனிமை பற்றிக் கேட்டீர்களே. அக்கம்பக்கத்துப் பழக்கம் அங்கே குப்பைத் தொட்டியருகேதான் தொடங்கும். 2019 ஜூலையிலிருந்து அந்த நகரத்தில் குப்பையை நாலு வகையாகப் பிரித்துப் போட வேண்டும். பல குடியிருப்புகளில் காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில்தான் போட முடியும். சமையல் கழிவை ஒரு தொட்டியில் கொட்டிவிட்டு, அது இருந்த பையை இன்னொன்றில் போட வேண்டும். தொட்டி அருகே நின்று பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அந்தக் குடியிருப்பின் பாட்டிகள்தான். தப்பாகப் போட்டால் பையைப் பிரித்துக் காட்டிச் சொல்லிக் கொடுப்பார்கள். குப்பை போடும் வேலையை உங்கள் கணவரிடம் விடாதீர்கள். அந்த அம்மாக்களில் பலர் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாட்டுப் பெட்டியோடு பூங்காவுக்கோ சதுக்கத்துக்கோ வந்து வரிசை கட்டி ஆடுவார்கள். கட்டணமோ பெயர்ப் பதிவோ இல்லை. முதல் வாரமே போய்க் கடைசி வரிசையில் நின்றுகொள்ளுங்கள்.