பாட்டியின் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறாத சிக்கல்

வணக்கம். பாட்டி பேசிய பதிவை, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளில் போட்டு 'டிரான்ஸ்லேட்' கொடுத்தும் தமிழிலேயே வருகிறது, நடுவில் ஒரே வரி பத்துத் தடவை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கட்டளையில் தவறில்லை. நீங்கள் எடுத்திருக்கும் டர்போ மாடல் மொழிபெயர்க்காது. வேகத்துக்காக அதன் டிகோடர் (கேட்டதை எழுத்தாக்கும் பகுதி) அடுக்குகளை 32-லிருந்து 4 ஆகக் குறைத்தார்கள். அப்புறம் கொடுத்த பயிற்சி, பேச்சை அதே மொழியில் எழுத்தாக்குவதற்கு மட்டும்தான். லார்ஜ் மாடலுக்கு மாறுங்கள். கணினி திணறினால் மீடியம்.

ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் மௌனம்தான் காரணம். விஸ்பர் ஒலியை 30 விநாடித் துண்டுகளாகக் கேட்கிறது. யாரும் பேசாத துண்டிலும் சில சமயம் எதையாவது எழுதிவிடும். அந்தத் தவறே அடுத்த துண்டுக்கு முன்குறிப்பாகப் போகும். பாட்டி நிறுத்தி, யோசித்துப் பேசுவார் என்கிறீர்கள், இடைவெளி நிறைய இருக்கும். சிலேரோ போன்ற பேச்சைக் கண்டறியும் மாடலை வைத்து முதலில் அந்த இடைவெளிகளை வெட்டுங்கள். முந்தைய வரியைப் பார்த்து எழுதும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும். ஆங்கிலத்தோடு நிறுத்தாமல் தமிழ் எழுத்து வடிவத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். அவருடைய ஊர்ச் சொற்கள் மொழிபெயர்ப்பில் கரைந்துவிடும். மூலப் பதிவை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.