காலாங் ஆற்றில் சாயம் ஊற்றலாமா?

கேள்வி: என் மகள் பாலிடெக்னிக் மாணவி. கரைந்த பொருள் ஆற்றில் எப்படி நகர்ந்து பரவுகிறது என்பது அவளுடைய புராஜெக்ட். சிங்கப்பூரில் காலாங் ஆறு ஓடும் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் உணவுச் சாயத்தை ஊற்றி, அடுத்த பாலத்துக்கு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பார்க்கப் போகிறாளாம். அது போதுமா?

பதில்: முதலில் சாயப் புட்டியை அவளிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். அந்த நீர் மரினா நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, சுத்திகரிப்புக்குப் பின் நம் வீட்டுக் குழாய்க்கே வருகிறது. நீர் வளத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதியில்லாமல் சாயமோ உப்போ எதையும் கலக்கக் கூடாது. கல்லூரி மூலம் எழுதிக் கேட்கட்டும்.

அனுமதி கிடைத்தாலும் நான் உப்பைத்தான் சொல்வேன். சாயத்தின் அடர்ந்த பகுதிதான் கண்ணுக்குத் தெரியும், பின்னால் நீளும் வெளிறிய வால் தெரியாது. பரவலைப் பற்றிய சேதி அந்த வாலில்தான் இருக்கிறது. நடு ஆற்றில் நீர் வேகமாக ஓடும், கரையோரமும் செடிகளுக்கிடையிலும் தேங்கி நிற்கும். தைப்பூச ஊர்வலத்தில் சிலர் முந்திப்போக, தண்ணீர்ப் பந்தலில் நின்றவர்கள் பின்தங்குவார்களே, அப்படி. கால்வாயாக இருந்ததை 2012இல் பாறையும் செடியுமாக மாற்றிய இடம் என்பதால், இங்கே வால் நன்றாகவே நீளும். இந்த வேக வித்தியாசம் எப்படிப் பரவலாகிறது என்பதை, குழாயில் ஓடும் நீரை வைத்து 1953இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லர் கணக்கிட்டுக் காட்டினார்.

உப்பை வாளியில் முழுசாகக் கரைத்து, ஒரே வீச்சில் நடு ஆற்றில் ஊற்ற வேண்டும். கரையாத உப்பு அடியில் தங்கிக் கணக்கைக் கெடுக்கும். கீழே இரண்டு இடங்களில் மின்கடத்துத்திறன் மீட்டர், அதாவது நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று காட்டும் கருவி, வைக்க வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் உப்பு கூடினால் மீட்டர் சென்டிமீட்டருக்குச் சுமார் 2 மைக்ரோசீமன்ஸ் (கடத்துத்திறனின் அலகு) ஏறும். நொடிக்கு 100 லிட்டர் ஓடும் ஓடையில் 2 கிலோ உப்பு 10 நிமிடத்தில் கடந்தால், சராசரி ஏற்றம் சுமார் 67 மைக்ரோசீமன்ஸ். சாதாரண மீட்டருக்கே தெரியும். எண் பழைய நிலைக்கு இறங்கும்வரை 5 நொடிக்கொரு முறை குறிக்கட்டும். உச்சம் தாண்டியதுமே மூட்டை கட்டுவதுதான் மாணவர்கள் வழக்கம்!

முதல் மீட்டர் ஊற்றிய இடத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இரு கரையிலும் அளந்து பார்த்து, நேரத்துக்கு எதிராக மீட்டரின் ஏற்றத்தை வரைந்த இரண்டு வளைகோட்டின் பரப்பும் ஒன்றாக வந்தால்தான் உப்பு குறுக்கே கலந்துவிட்டது என்று நம்பலாம். அப்புறம், இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரத்தை, உப்பு அங்கே வந்த சராசரி நேரங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். முதல் இடத்தைவிட இரண்டாம் இடத்தில் வளைகோடு எவ்வளவு அகன்றிருக்கிறது என்பது பரவலைத் தரும்.

அனுமதி கிடைக்காவிட்டால் மழையைப் பயன்படுத்தலாம். மழைநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மீட்டர் சட்டென்று இறங்கும். அந்த இறக்கம் மேலிருந்து கீழே வரும் நேரத்தைக் குறித்தால், பயண நேரம் தோராயமாகக் கிடைக்கும். வழியில் வடிகால்கள் சேர்வதால் பரவலைக் கணக்கிட முடியாது. மழையில் அங்கே நீர் மளமளவென்று ஏறும், எச்சரிக்கை ஒலியும் அதற்காகத்தான். அதனால் தானாகப் பதிவுசெய்யும் மீட்டரை முன்கூட்டியே பொருத்திவிட வேண்டும். அதற்கும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.