மானின் தடம்

அன்புள்ள ஐயா,

தில்லியில் வேலை. தினமும் கஸ்தூரிபா காந்தி மார்க் வழியாகத்தான் போகிறேன். மார்க்கம் என்றால் 'துடைத்துச் சுத்தமாக்கியது' என்கிறார் நண்பர். சரிதானா? தமிழில் வழி, பாதை எல்லாம் இருக்க, மார்க்கத்தை விட்டுவிடலாமே?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நண்பர் சொல்வதற்கும் இடமுண்டு. வடமொழியில் 'ம்ருஜ்' என்றால் துடைத்தல். துடைத்துச் சுத்தம் செய்வதைச் சொல்லும் மார்ஜனம் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதி மார்க்கத்தைப் பெரும்பாலும் மிருகத்தோடு சேர்க்கிறது. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. ரிக்வேதத்தில் மிருகம் என்பது காட்டு விலங்கு எதற்கும் பெயர். மான் என்று குறுகியது பிறகு. அந்த விலங்கின் தடம் மார்க்கம். தேடிப் போவது மார்கணம். அம்புக்கும் அதே பெயர்.

சத்தியமங்கலம் காட்டில் ஓர் இருளர் பெரியவருக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் புதர். அவர் குனிந்து, பிளந்த குளம்பு அழுந்திய இடத்தைக் காட்டினார். விளிம்பில் புரண்ட மண் இன்னும் காயவில்லை. "கடமான், தண்ணிக்குப் போயிருக்கு" என்றார். கொஞ்சம் தள்ளிச் சாய்ந்த புல், அப்புறம் புழுக்கை. அவர் தேடத் தேட அங்கே ஒரு வழி தெரிந்துகொண்டே வந்தது. மார்க்கம் என்று எங்கே படித்தாலும் அவர் குனிந்து நின்றதுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

நம் 'தடம்' மட்டும் என்ன? காலடிச் சுவடும் அதுதான், பேருந்து ஓடும் வழித்தடமும் அதுதான்.

விட்டுவிடலாமே என்கிறீர்கள். விடுங்கள், யார் தடுத்தார்கள்? ஆனால் ஒரு சொல்லை வெளியே தள்ளுமுன் அது என்ன கொண்டுவந்திருக்கிறது என்று பார்க்கும் பொறுமைகூடவா இல்லை? வடமொழியில் தண்டி தன் காவ்யாதர்சத்தில் கவிதையின் போக்கை மார்க்கம் என்றார். வைதர்ப்பம், கௌடம் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். கன்னடக்காரர்கள் 9-ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் கவிதை இலக்கண நூலுக்குக் கவிராஜமார்க்கம் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் தண்டியலங்காரம் செய்தவர் அதை 'நெறி' என்று எடுத்துக்கொண்டார். சொல்லை மாற்றினாலும் பொருளை முழுதாக உள்வாங்கிய பிறகே மாற்றினார். அந்த உழைப்பைத்தான் உங்களிடம் கேட்கிறேன், தம்பி.

இன்னொன்று. மிருகசீரிடம் என்றால் மானின் தலை. அந்த நட்சத்திரத்தால் பெயர்பெற்ற மார்கசீர்ஷம்தான் நம் மார்கழி. உங்கள் கணக்குப்படி அதையும் விட வேண்டியிருக்கும். வீட்டில் அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.