வெயிலும் தலைக்கவசமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பங்குனி வெயில் தொடங்கியதும், தலையில் இருக்க வேண்டிய தலைக்கவசம் பெட்ரோல் டேங்க் மீதும் முழங்கையிலும் இடம்பெயர்ந்துவிடுவதை மதுரைச் சாலைகளில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த வெயிலைப் பற்றியவை. இருசக்கர வாகனம் ஓட்டக் கற்றுத்தரும் பணியில் நான் கண்டது ஒன்று உண்டு: ‘போடவே முடியவில்லை’ என்று சொல்பவர்களின் தலைக்கவசத்தை வாங்கிப் பார்த்தால், பத்தில் ஏழெட்டு அவர்கள் தலைக்குப் பொருந்தாத அளவாகவே இருக்கும்.

திருமங்கலத்திலிருந்து தினமும் மதுரைக்கு பைக்கில் வேலைக்கு வருகிறேன். மதிய வெயிலில் முழுமுகத் தலைக்கவசத்துக்குள் மூச்சு முட்டுகிறது. தாடை திறந்த வகைக்கு மாறலாமா? (மருந்து விற்பனைப் பிரதிநிதி, திருமங்கலம்)

நான்குவழிச்சாலையில் தினமும் வருகிறீர்கள் என்பதால், மாற வேண்டாம் என்றே சொல்வேன். ஜெர்மனியின் ஹானோவர் நகரில் விபத்துகளை ஆராய்ந்த டீட்மர் ஓட்டே, தலைக்கவசத்தின் எந்தெந்தப் பகுதியில் அடி விழுகிறது என்று கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடிகள் முகவாய்ப் பகுதியில் விழுந்திருந்தன. தாடை திறந்த கவசம் அந்த மூன்றில் ஒரு பங்கை அப்படியே உங்கள் முகத்துக்கு விட்டுவிடுகிறது.

அதே சமயம், உங்கள் துன்பம் பொய்யல்ல. நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. சித்திரையில் மதுரைக் காற்று 40 டிகிரியைத் தொடும்போது, முகத்தில் அடிக்கும் காற்று வியர்வை இருக்கும்வரைதான் குளிர்ச்சி தரும், வியர்வை காய்ந்த பிறகு சூட்டையே ஏற்றும். ஆகவே முகத்தைத் திறந்து வைத்தால் குளிர்ச்சி கூடும் என்ற எண்ணம் அந்த வெயிலில் பாதிதான் உண்மை. கப்பலூர் தாண்டி ஓடும் வண்டியில் காற்றுத் துளைகள் தம் வேலையைச் செய்கின்றன. புழுக்கம் மிகுவது காளவாசல் போன்ற சிக்னல்களில் வண்டி நிற்கும்போதுதான். நின்றவுடன் வைசரை, அதாவது கவசத்தின் முன்னுள்ள கண்ணாடி மறைப்பை, உயர்த்துங்கள், நகரும்போது இறக்குங்கள். வெள்ளை அல்லது வெளிர் நிறக் கவசமும், கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணியும், அதனடியில் ஒரு மெல்லிய பருத்திக் குல்லாயும் இருந்தால், வியர்வை நாற்றமும் அரிப்பும் வெகுவாகக் குறையும். புறப்படும் முன் அந்தக் குல்லாயை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டால், அது உலரும்வரை நல்ல குளிர்ச்சி கிடைக்கும்.

முகப்பகுதியை மேலே தூக்கிவிடும் ‘ஃப்ளிப்-அப்’ வகையைச் சிலர் நடுவழியாகக் கருதுகிறார்கள். சிக்னலிலும் டீக்கடையிலும் அது உதவும். ஆனால் சற்றுக் கனமானது. தாடையைத் தூக்கியபடியே ஓட்டுவதென்றால், மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் சோதிக்கப்பட்டதற்கான ‘பி/ஜே’ என்ற ஐரோப்பியக் குறியீடு அதில் இருக்க வேண்டும். ‘பி’ மட்டும் இருந்தால், தாடை மூடிய நிலைக்குத்தான் அந்த முழுப் பாதுகாப்பு.

கடையில் போட்டுப் பார்த்தபோது இறுக்கமாக இருந்ததால் ஓர் அளவு பெரியதை வாங்கினேன். இப்போது ஆடுகிறது, அதோடு நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் அழுத்தித் தலைவலி வருகிறது. உள்ளே இருக்கும் தெர்மோகோலை அந்த இடத்தில் சிறிது சுரண்டிவிடலாமா? (கல்லூரி மாணவர், நாகமலை புதுக்கோட்டை)

சுரண்டாதீர்கள். கரண்டிக் காம்பால் அழுத்திக் குழியாக்குவதும் வேண்டாம்; நம் ஊரில் இதைச் செய்யாதவர்களே குறைவு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வெளி ஓடு அடியைப் பரப்பிவிடும், அவ்வளவுதான். மூளையைக் காப்பது தெர்மோகோல் போலத் தோன்றும் அந்த நுரை அடுக்கு நசுங்கும்போது எடுத்துக்கொள்ளும் நேரம். நீங்கள் சுரண்டிய இடத்தில் நசுங்குவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது, அந்த இடம்தான் உங்கள் நெற்றி எலும்பை ஒட்டியிருக்கிறது.

உங்களுக்கு நேர்ந்திருப்பது இரண்டு வெவ்வேறு பிழைகள். ஆடுவது அளவுப் பிழை. நெற்றியில் ஒரு புள்ளியில் வலிப்பது வடிவப் பிழை. சிலருடைய தலை முன்பின்னாக நீண்டிருக்கும், சிலருடையது வட்டமாக இருக்கும். வட்டமான உள்வடிவம் கொண்ட கவசத்தை நீளத் தலைக்காரர் அணிந்தால் நெற்றியில் குத்தும், காதுப் பக்கம் தளர்ந்திருக்கும்; எத்தனை பெரிய அளவுக்குப் போனாலும் அந்தக் குத்தல் முழுதும் தீராது, ஆட்டம் மட்டும் கூடும். வேறு நிறுவனத்தின், அல்லது அதே நிறுவனத்தின் வேறு மாதிரிக் கவசம்தான் இதற்குத் தீர்வு.

தையற்காரரின் அளவு நாடாவைப் புருவத்துக்கு மேல் சுமார் 2.5 செ.மீ. உயரத்தில், பின்தலையின் புடைத்த பகுதியைச் சுற்றி வருமாறு வைத்து அளந்துகொள்ளுங்கள். உள்நாட்டு நிறுவனங்கள் பலவற்றில் 58 செ.மீ. என்பது ‘எம்’, 60 செ.மீ. என்பது ‘எல்’, ஆயினும் நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும் என்பதால், அளவை வைத்துத் தேடத் தொடங்கலாமே தவிர அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. புதுக் கவசம் கன்னத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும்; கவசத்தை இடவலமாகத் திருப்பினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். பக்கிளைப் போட்டபின் வாருக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடம் போதும். பின் ஒருவரைப் பின்னாலிருந்து கவசத்தின் அடிவிளிம்பைப் பிடித்து முன்னோக்கி மேலே தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்கான கவசம் அல்ல. இத்தனையும் முடிந்தபின் கடையிலேயே கால் மணி நேரம் தலையில் வைத்திருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போகலாம். கன்னப் பஞ்சு நாளாக நாளாக அமுங்கி இளகும், நுரை அடுக்கு இளகாது; ஆகவே கன்னத்து இறுக்கத்தைப் பொறுக்கலாம், நெற்றிக் குத்தலைப் பொறுக்கக் கூடாது.

என் அப்பாவுக்கு 64 வயது. மொபெட்டில் தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய் வருகிறார். ‘முப்பதில் போகிற வண்டிக்கு எதற்கு? போட்டால் பின்னால் வரும் ஹாரன் கேட்காது’ என்கிறார். என்ன சொல்வது? (உசிலம்பட்டி)

அப்பாவிடம் வண்டியின் வேகத்தைப் பற்றி வாதாட வேண்டாம்; விழும் உயரத்தைப் பற்றிப் பேசுங்கள். வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நேராகக் கீழே விழும் எந்தப் பொருளும் மணிக்கு சுமார் 20 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடும். நின்ற வண்டி மூட்டைப் பாரத்தில் சாய்ந்து, தலை தடையின்றித் தரையில் மோதினாலும் கணக்கு ஏறத்தாழ அதுவே.

ஹாரன் பற்றிய ஐயம் பழையது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து ஹாரி ஹர்ட் குழு 1981-இல் வெளியிட்ட அறிக்கை, கவசம் அணிந்தவர்கள் அவசியமான ஒலியைக் கேட்கத் தவறியதாகவோ, பார்வை மறைக்கப்பட்டதாகவோ காணவில்லை. கவசம் ஹாரனைக் குறைக்கும் அளவுக்கு இஞ்சின் சத்தத்தையும் காற்றிரைச்சலையும் குறைக்கிறது. தவிர, பின்னால் வருவதை அறிய இரு பக்கமும் கண்ணாடி வேண்டும். கழற்றிப் போட்டிருந்தால் அதை முதலில் மாட்டிக் கொடுங்கள். அவருக்கு மட்டும், தோட்டப் பாதையில் மெதுவாகப் போகும் பழக்கம் என்பதால், தாடை திறந்த, இலகுவான, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள கவசத்தை வாங்கித் தருவதில் எனக்கு மறுப்பில்லை. அவர் அணியாமல் திண்ணையில் வைத்திருக்கும் முழுமுகக் கவசத்தைவிட, அணியும் அரைமுகக் கவசம் மேலானது. கவசம் அணிவதால் மரணம் நேரும் வாய்ப்பு 42 விழுக்காடும், தலைக்காயம் 69 விழுக்காடும் குறைவதாக, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி 2008-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது.

கொண்டையும் மல்லிகைச் சரமும் வைத்துக்கொண்டு எப்படித் தலைக்கவசம் அணிவது? ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகிறேன். முடி கொட்டுவதாகவும் சொல்கிறார்கள். (ஆசிரியை, வில்லாபுரம்)

மதுரையில் இருந்துகொண்டு பூ வைக்க வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. உச்சியில் போடும் கொண்டை மட்டும் கூடாது. அது கவசத்தை மேலே தூக்கி, நெற்றியைத் திறந்துவிடும். பின்கழுத்தில், கவசத்தின் விளிம்புக்குக் கீழே தளர்ந்த பின்னலாக விடுங்கள்; சரத்தை அந்தப் பின்னலில், விளிம்புக்குக் கீழேயே சூடலாம். நெருக்கமாகத் தொடுத்த சரம் நசுங்கக் கூடாது என்று நினைத்தால், ஈர வாழையிலையில் சுற்றி இருக்கையடிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்ப் பள்ளியில் சூடிக்கொள்வது நல்லது. உலோக ஹேர்பின்னும் கடினமான கிளிப்பும் கவசத்துக்குள் இருக்கக் கூடாது. அடிபடும்போது அவை தலைத்தோலில் இறங்கும்.

துப்பட்டாவைத் தலையில் இரண்டு சுற்றுச் சுற்றி அதன்மேல் கவசம் போடுவதை நிறையப் பார்க்கிறேன். துணி வழுக்குவதால் கவசம் நிலைகொள்ளாது. மெல்லிய பருத்திக் குல்லாய் அணிந்தால் எண்ணெய் உள்துணியில் ஏறாது, முடியும் உரசாது. முடியை இழுத்துக் கட்டுவதும், வியர்வையோடு ஊறிய உள்துணியை மாதக்கணக்கில் துவைக்காமல் விடுவதும்தான் முடிக்குக் கேடு.

பின்னால் புடவையோடு உட்காருபவர்களுக்காக ஒன்று: மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. அழகுக்காக அதைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

சாலையோரத்தில் 300 ரூபாய்க்கு ஐஎஸ்ஐ முத்திரையோடு விற்கிறார்கள். வாங்கலாமா? (மேலூர்)

வேண்டாம். 2021 ஜூன் 1 முதல், தலைக்கவசத்துக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 4151 தரத்துக்கு உட்படாத தலைக்கவசத்தை விற்பதே சட்டப்படி குற்றம். அதனால் போலி முத்திரைகள்தான் பெருகின. முத்திரையருகே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். கவசத்தில் உள்ள பெயரோடு அது ஒத்துப்போக வேண்டும்.

மூன்று வயது மகனும் ஆறு வயது மகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வேண்டுமா? (திருநகர்)

இருவருக்கும் வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் அணிய வேண்டும் என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கும் கவசம் வேண்டும். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும், 30 கிலோ தாங்கும் பாதுகாப்பு வார் வேண்டும். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. இது 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள விதி. பெரியவர்களின் கவசத்தைக் குழந்தைக்குப் போட்டால் அது கழன்று கண்ணை மறைக்கும், கழுத்தில் பாரமாகும். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் குழந்தையை நிற்க வைத்துக் கொண்டுபோவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் முதலில் மோதுவது குழந்தையின் முகமும் மார்பும்தான்.

நண்பர்களோடு தேனி, போடி வழியாக மூணாறு போகிறோம். ஜாக்கெட் அவசியமா? எங்கள் வெயிலில் அதைப் போட முடியுமா? (ஐந்து பேர், அலங்காநல்லூர்)

அவசியம், வலைத்துணி ஜாக்கெட்டாக இருந்தால் போடவும் முடியும். உள்ளே ஈரமான பருத்திப் பனியன் போட்டால் தேனி வரைக்கும் சமாளிக்கலாம். போடிமெட்டு ஏறத் தொடங்கும் முன் அதன் உட்புற மழைத்தாளை மாட்டிக்கொள்ளுங்கள். மேலே குளிரும் தூறலும் ஒன்றாக வரலாம்.

விலையைவிட, உள்ளே இருக்கும் காப்புத் தகட்டைக் கவனியுங்கள். தோள், முழங்கைத் தகட்டில் ‘இஎன் 1621-1’ என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சோதனை அடியில் உடலுக்குக் கடத்தப்படும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனைத் தாண்டாவிட்டால் லெவல் 1, 20-ஐத் தாண்டாவிட்டால் அதைவிட நன்றாகக் காக்கும் லெவல் 2. முதுகுத் தகட்டுக்கு ‘இஎன் 1621-2’. மலிவான ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையில் வெறும் பஞ்சுத் துண்டையே வைத்து விற்கிறார்கள். அது முதுகுத்தண்டைக் காக்காது.

பணம் போதாவிட்டால் கவசத்துக்குப் பிறகு கையுறை, அடுத்து கணுக்கால் மூடிய காலணி, அதன்பின் ஜாக்கெட் என்ற வரிசையில் வாங்குங்கள். விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுவோம். கையுறையும் காலணியும் மூணாறுக்கு மட்டுமல்ல, அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்குப் போகும்போதும் வேண்டும். அவற்றில் வெயிலும் பெரிய தடையல்ல. செருப்போடு மலைப்பாதை வேண்டாம்.

கவசம் கைதவறிக் கீழே விழுந்துவிட்டது. மாற்ற வேண்டுமா? (சிம்மக்கல்)

இருக்கை உயரத்திலிருந்து வெறுங்கவசம் விழுந்தால் பெரும்பாலும் கேடில்லை. உள்ளே தலை இல்லாததால் நுரை நசுங்கியிருக்காது. விரிசல் தெரிந்தாலோ பக்கிள் சரியாகப் பூட்டாவிட்டாலோ மாற்றுங்கள். விபத்தில் தலையோடு அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மறுபடி அணியக் கூடாது; நசுங்கிய நுரை மீளாது. வண்டிக் கண்ணாடியில் கவிழ்த்து மாட்டும் பழக்கமும் அதே நுரையில் குழி விழச் செய்கிறது. பெட்ரோல் பட்டால் நுரை கரையும் என்பதால், பெட்ரோலைக் கொண்டு துடைக்க வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும்.

இரவிலும் கறுப்பு வைசரே போட்டு ஓட்டுகிறேன். தவறா? (சோழவந்தான்)

தவறு. தெளிந்த வைசர் ஒன்றை வாங்கி இன்றே மாட்டுங்கள். வயலோரச் சாலையில் பொழுது சாயும் நேரத்துப் பூச்சிகளுக்காக அதை மூடியே வைத்திருக்கவும் வேண்டும். பகல் கூச்சத்துக்குக் குளிர்கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், இருட்டியதும் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிடலாம்.